செம்புக் குழாயும் பால்மரப் பலகையும்: முதல் மேசை விளக்கு செய்பவர்களுக்கு

செம்பில் மின்சாரம் ஓடும். வயருக்குள் இருப்பதும் செம்பு, நாம் கையால் பிடித்து நகர்த்தப்போகும் விளக்குத் தண்டும் செம்பு. இந்த விளக்கைச் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான். படத்தைப் பார்த்துச் செய்கிற பலர் குழாயின் பளபளப்பிலும் பல்பின் மஞ்சள் வெளிச்சத்திலும் மயங்கி, குழாயை எர்த்தோடு, அதாவது கசியும் மின்சாரத்தைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுபோகும் வயரோடு, இணைக்காமலே விட்டுவிடுகிறார்கள். விளக்கு எரியத்தான் செய்யும், வருடக்கணக்கில் கூட எரியும், உள்ளே வயர் ஓரிடத்தில் உரசித் தேயும் வரைக்கும்.

நான் இதுவரை ஏழு விளக்கு செய்திருக்கிறேன், எல்லாமே சிங்கப்பூரில், அங் மோ கியோ பேட்டையில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், பழைய போர்வை ஒன்றை விரித்துப் போட்டு. பட்டறை வேண்டாம், நெருப்பு வேண்டாம், பற்றவைப்பு வேண்டாம். ஒரு டிரில், ஒரு உளி, இரண்டு ஸ்பேனர், குழாய் வெட்டும் கருவி, மின் இணைப்பைச் சோதிக்கும் மல்ட்டிமீட்டர் (இனி மீட்டர் என்றே சொல்கிறேன்), பொறுமை, இவ்வளவு இருந்தால் இரண்டு வார இறுதியில் முடித்துவிடலாம்.

என்ன வாங்குவது, எங்கே வாங்குவது

விளக்கின் வடிவம் இதுதான்: பலகையில் தண்டு நிமிர்ந்து நிற்கும், அதன் உச்சியிலிருந்து கை முன்பக்கம் நீளும், கையின் முனையிலிருந்து தொங்கல் பல்போடு கீழே இறங்கும், இரண்டு திருப்பத்திலும் ஒரு முழங்கை. குழாய் 15 மி.மீ. வெளிவிட்டம் கொண்ட தண்ணீர்க் குழாய். இங்கேதான் புதியவர்கள் முதலில் தடுமாறுவார்கள். கடையில் போய் "அரை இஞ்சு காப்பர் பைப்" என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு பொருள் கைக்கு வரலாம். தண்ணீர்க் குழாய்க்காரருக்கு அரை இஞ்சு என்றால் இந்த 15 மில்லிதான், ஏர்கான்காரருக்கு அரை இஞ்சு என்றால் 12.7 மில்லி, சுருளாக வரும் மென்மையான குழாய். ஏர்கான் குழாயை எடுக்காதீர்கள். ஒருமுறை சுருண்டதை என்ன செய்தாலும் முழுசாக நிமிர்த்த முடியாது, கழற்றிப்போட்ட பழைய குழாய் என்றால் உள்ளே எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். ஆகையால் 15 மில்லி என்றே கேளுங்கள், கடையிலேயே முழங்கைக்குள் குழாயை நுழைத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

முழங்கை, அதாவது எல்போ, இரண்டு வேண்டும். கம்ப்ரஷன் எல்போ என்று கேட்டு வாங்குங்கள். இது பித்தளையில் வரும், இரு முனையிலும் ஒரு நட்டும் உள்ளே ஒரு சிறு வளையமும் இருக்கும், நட்டை இறுக்க இறுக்க வளையம் குழாயைக் கவ்விக்கொள்ளும். பற்றவைக்கும் எல்போ விலை குறைவு, பார்க்கவும் மெலிதாக அழகாக இருக்கும், ஆனால் அதற்கு நெருப்பு கக்கும் கேஸ் டார்ச் வேண்டும், அடுக்குமாடி வீட்டுக்குள் முதல் தடவையே டார்ச்சைக் கையில் எடுக்க நான் சொல்லமாட்டேன். சிலர் அதே எல்போவை எபாக்சிப் பசை போட்டு ஒட்டிவிடுகிறார்கள், நானும் முதல் விளக்கில் அப்படித்தான் செய்தேன். எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது. கீழ்க் குழாயில் எர்த் கொடுத்திருந்தேன், அது முழங்கையோடு நின்றுவிட்டது, மேலே இருந்த இரண்டு துண்டும் எதனோடும் சேராமல் தனியாக நின்றன. மீட்டர் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கம்ப்ரஷன் எல்போவில் உலோகத்தோடு உலோகம் நேராக அழுந்துகிறது, இந்தக் கவலை பெரிதாக இல்லை. அத்தோடு இன்னொரு வசதி, அதைக் கழற்றி மாட்டலாம். அதன் அருமை வயர் கோர்க்கும்போது தெரியும்.

ஹார்ட்வேர் கடைகள் ஜாலான் புசார் வட்டாரத்தில் நிறைய இருக்கின்றன, தேக்காவிலிருந்து நடந்தே போகலாம். நடுத்தர வயது அங்கிள் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கடையாகப் பார்த்துப் போங்கள், அங்கே ஒரு மீட்டர் குழாயை வெட்டித் தருவார்கள், பெரிய கடையில் முழு நீளம் வாங்கச் சொல்லலாம். ஹோல்டர், துணி சுற்றிய வயர் போன்றவற்றுக்கு பாலஸ்டியர் சாலை, வரிசையாக விளக்குக் கடைகள். மீட்டர், கனெக்டர், வளைய முனை போன்ற சின்னச் சாமான்களுக்கு சிம் லிம் டவர். பழைய கருவிகளுக்கு முன்பு சுங்கை ரோடு சந்தை இருந்தது, 2017 ஜூலையில் அதை மூடிவிட்டார்கள். என்னுடைய உளி அங்கே வாங்கியதுதான், இன்னும் கூர் மங்கவில்லை.

மின் சாமான்களை ஊரிலிருந்து கொண்டுவந்து பயன்படுத்த வேண்டாம் என்பதைத் தனியாகவே சொல்கிறேன். இந்தியாவில் வாங்கிய வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கும், இங்கே சாதனங்களின் வயரில் பழுப்பு லைவ் (மின்சாரம் வரும் வயர்), நீலம் நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்), பச்சை மஞ்சள் கோடு போட்டது எர்த். நமக்கே குழப்பம் இல்லை என்றாலும் பத்து வருடம் கழித்து அந்த விளக்கைப் பழுதுபார்க்கப் போகிறவருக்குக் குழப்பம் வரக்கூடாது. ஹோல்டரும் அப்படித்தான், ஊரில் பழகிய இரண்டு முள் மாட்டும் பல்புக்குப் பதில் இங்கே ஈ27 திருகு பல்பு எந்தப் பேட்டைக் கடையிலும் கிடைக்கும். ஈ27 ஹோல்டர், பேக்லைட் அல்லது பிளாஸ்டிக் உடம்பு, அடியில் எம்10, அதாவது 10 மில்லி மரை, அதில் திருகும் சின்னப் பித்தளை மரைக்குழாய் ஒன்று. உலோக உடம்புள்ள ஹோல்டர் அழகாக இருக்கும், அதற்குத் தனியாக எர்த் கொடுக்க வேண்டிவரும், முதல் விளக்குக்கு வேண்டாம்.

வயர் இரண்டு வகை: சுவரிலிருந்து பலகை வரைக்கும் மூன்று கோர், அதாவது ஒரே உறைக்குள் மூன்று வயர், 0.75 சதுர மில்லி, இரண்டு மீட்டர். பலகையிலிருந்து ஹோல்டர் வரைக்கும் இரண்டு கோர், அதே கனம், வெளியுறையோடு உருண்டையாக இருப்பது, ஒரு மீட்டர். பிளக் பாதுகாப்புக் குறி உள்ளதாகப் பார்த்து எடுங்கள், உள்ளே 3 ஆம்பியர் ஃபியூஸ். பல பிளக்கில் 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டே விற்பார்கள், அதைக் கழற்றி மாற்றவேண்டும். 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 690 வாட், நம் பல்பு பத்து வாட்டைத் தொடப்போவதில்லை. வயர் சூடாகும் முன் ஃபியூஸ் போகவேண்டும், அதற்குத்தான் சின்ன ஃபியூஸ்.

பலகை

எந்தக் கெட்டி மரமும் சரிதான். பழைய சாமான் எடுக்கும் காராங்குனிக்காரர் எடுத்துப்போகும் முன் புளோக்கின் கீழே கிடக்கும் கட்டில் சட்டம், மேசைக் கால் எல்லாம் நல்ல மரமாக இருக்கும், யாருடையது என்று கேட்டுவிட்டு எடுங்கள். எனக்குப் பிடித்தது ரப்பர் மரம், நம் ஆட்கள் பால்மரம் என்பார்கள். என் தாத்தா ஜொகூரில் தோட்டத்தில் பால் வெட்டியவர், விடிவதற்கு முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவாராம். இருபத்தைந்து முப்பது வருடம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தைத்தான் வெட்டி நாற்காலி மேசையாக்குகிறார்கள், இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிற வெளிர் நிறச் சாப்பாட்டு மேசையில் பாதி அந்த மரமாகத்தான் இருக்கும். அந்த மரத்தில் ஒரு விளக்கு நிற்கட்டும் என்று எனக்கு ஆசை, அதனால் ஏழில் ஐந்து பால்மரம்தான். நிறமும் செம்போடு ஒத்துப்போகும், உளிக்கும் பணியும்.

அளவு 22 செ.மீ. நீளம், 14 அகலம், 4 கனம். இதைவிட மெலிதாக எடுத்தால் அடியில் குழி தோண்ட இடம் இருக்காது. இதே மரத்தில் நாலு செ.மீ. கட்டை ஒன்றும் தனியாக வெட்டிவையுங்கள், அதுதான் ஹோல்டரின் கழுத்து.

பின் விளிம்பிலிருந்து 4 செ.மீ. தள்ளி, அகலத்தின் நடுவில், 15 மி.மீ. பிட் வைத்து ஊடுருவத் துளை போடவேண்டும். கீழே வீணான பலகை ஒன்றை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு போட்டால் அடிப்பக்கம் சிதறாது. துளை செங்குத்தாக இருப்பது முக்கியம், ஒரு டிகிரி சாய்ந்தாலும் 38 செ.மீ. உயரத்தில் கண்ணுக்குத் தெரியும். மூலைமட்டத்தைப் பலகைமேல் நிறுத்திவைத்து, ஒருவர் பக்கவாட்டில் உட்கார்ந்து "இடது, இடது, சரி" என்று சொல்ல, மற்றவர் டிரில் பிடிப்பது நல்லது. எங்கள் வீட்டில் அந்த வேலை என் மகளுடையது. பகல் நேரத்தில் செய்யுங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டுக்காரர் தூக்கத்தில் டிரில் சத்தம் நுழைய வேண்டாம்.

பிறகு பலகையைக் கவிழ்த்து, அந்தத் துளையைச் சுற்றி 9 செ.மீ. நீளம், 7 அகலம், 2 ஆழத்துக்குக் குழி. பெரிய பிட்டால் அடுத்தடுத்து வட்டமாகத் தோண்டிவிட்டு மிச்சத்தை உளியால் சீவலாம், உள்ளே அழகாக இருக்கவேண்டிய அவசியமில்லை. கடைசியாகப் பின்பக்கத்திலிருந்து குழிக்குள் வருகிற மாதிரி 8 மில்லி துளை ஒன்று, வயர் நுழைய. வரிசை மாறவேண்டாம், குழியை முதலில் தோண்டிவிட்டால் 15 மில்லி துளையை நேராகப் போட மரத்தில் பிடிமானம் பாதியாகிவிடும்.

கழுத்துக் கட்டைக்கு ஒரு பக்கத்திலிருந்து 15 மில்லி துளை, பாதி ஆழம் மட்டும். எதிர்ப்பக்கம் வரைக்கும் அதே மையத்தில் 9 மில்லி. பித்தளை மரைக்குழாயைக் கொஞ்சம் எபாக்சியோடு அந்த ஒன்பதில் திருகினால் மரத்தைக் கவ்விக்கொண்டே இறங்கும், வெளியே ஒரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்கட்டும். ஒருநாள் அப்படியே விட்டுவிடுங்கள்.

உப்புத்தாள் 120, பிறகு 240, போதும். எண்ணெய் பூசுவதென்றால் ஒரு எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய், டேனிஷ் ஆயில் இரண்டும் காயும்போது சூட்டைக் கிளப்பும், துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் அது தானாகத் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, விரித்து உலரவிட்டு அப்புறம் எறியுங்கள். சின்ன வீட்டில் இதை மறக்கவே கூடாது.

குழாயை வெட்டுவதும் அதைவிட முக்கியமான ஒன்றும்

மூன்று துண்டு: தண்டு 41 செ.மீ., கை 12, தொங்கல் 5. ஒரு மீட்டர் வாங்கியிருந்தால் மிச்சத்தில் இரண்டு மூன்று தடவை வெட்டிப் பழகிக்கொள்ளலாம். கை 12க்கு மேல் போகவேண்டாம். முழங்கைகளும் கொஞ்சம் நீளத்தைக் கூட்டும், பல்பு பலகைக்கு நேர் மேலேயே தொங்கினால்தான் விளக்கு முன்பக்கம் சாயாது.

குழாய் வெட்டும் சக்கரக் கருவி சின்னதுதான், உள்ளங்கையில் அடங்கும். குறியிட்ட இடத்தில் சக்கரத்தை மெல்லத் தொடவைத்து ஒரு சுற்று சுற்றுங்கள், திருகைக் கால் சுற்று இறுக்குங்கள், மறுபடி சுற்றுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக இறுக்கினால் குழாய் வாய் நசுங்கி வளையம் உள்ளே போகாது. எட்டுப் பத்துச் சுற்றில் டக்கென்று துண்டாகி விழும்.

இப்போது வெட்டிய வாயின் உள்விளிம்பில் ஆள்காட்டி விரலை மெதுவாக வைத்துப் பாருங்கள். சக்கரம் வெளியிலிருந்து அழுத்தி வெட்டியதால் உலோகம் உள்பக்கம் மடிந்து, பிளேடு மாதிரி ஒரு விளிம்பு சுற்றிலும் நிற்கும். கண்ணுக்கு அது சும்மா ஒரு மினுக்கமான கோடு. வெட்டும் கருவியின் முதுகில் இருக்கிற முக்கோணத் தகட்டாலோ உருண்டை அரத்தாலோ அதைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் திருகி, விரலுக்கு எதுவும் தட்டாத வரைக்கும் விடாதீர்கள். மொத்தம் ஆறு வாய். ஆறையும்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் மூன்றாவது விளக்கு. ஒரே ஒரு வாயை, தொங்கலின் மேல்வாயை, சரியாகத் தேய்க்காமல் விட்டிருந்தேன். விளக்கு அம்மாவின் அறையில் இருந்தது. அம்மா வெள்ளிக்கிழமை தோறும் சாமி விளக்கேற்றுவதற்கு முன் ஈரத்துணியால் அறையில் உள்ள எல்லாவற்றையும் துடைப்பார், இந்த விளக்கையும் சேர்த்து, தண்டைப் பிடித்துத் தூக்கி அடியிலும் துடைத்துவிட்டு வைப்பார். நாலு மாதம் கழித்து ஒரு இரவு வீடே இருட்டானது. மின்பெட்டியில் ஆர்சிசிபி என்ற கசிவுப் பாதுகாப்புச் சுவிட்ச் கீழே விழுந்து அணைந்திருந்தது, தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து, கடைசியில் விளக்கைப் பிரித்தால், வெளியுறையைத் தாண்டிப் பழுப்பு வயரின் தோலில் நகக்கீறல் மாதிரி ஒரு வெட்டு, அதற்குள் செம்பு மின்னியது. குழாயை எர்த்தில் இணைத்திருந்தேன். அதனால் கசிந்த மின்சாரம் அந்த வழியாகப் போனது, ஆர்சிசிபி அதைக் கண்டு வெட்டியது. இணைக்காமல் இருந்திருந்தால் குழாய் 230 வோல்ட்டோடு சத்தமே இல்லாமல் நின்றிருக்கும், வெள்ளிக்கிழமை ஈரத்துணி வரும் வரைக்கும். அந்த வயர்த் துண்டை நான் இன்னும் கருவிப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆர்சிசிபி என்பது மின்கசிவு கண்டால் நொடியில் இணைப்பைத் துண்டிக்கிற சாதனம், வீடுகளில் இருப்பது 30 மில்லி ஆம்பியருக்கே விழுந்துவிடும். இங்கே 1985 ஜூலையிலிருந்து புதிய வீடுகளுக்குக் கட்டாயம். அதற்கு முன் கட்டிய வீடுகளுக்கும் 2023 ஜூலையில் கட்டாயமாக்கி, பொருத்திக்கொள்ள 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். மின்பெட்டியைத் திறந்து, டெஸ்ட் என்று எழுதிய பொத்தானை அழுத்திப் பாருங்கள், வீடு இருட்டானால் அது வேலை செய்கிறது. வேலை செய்யவில்லை என்றால் விளக்கை ஒதுக்கிவைத்துவிட்டு உரிமம் பெற்ற மின் ஊழியரைக் கூப்பிடுங்கள். வீட்டுச் சுவருக்குள் இருக்கிற மின் வேலை எதையும் நாமே தொடக்கூடாது, நம் எல்லை பிளக்கோடு சரி.

புளி

குழாய்களைக் கோர்ப்பதற்கு முன்பே துலக்கிவிடவேண்டும், அப்புறம் கை எட்டாது. விலை கொடுத்துப் பாலிஷ் வாங்கத் தேவையில்லை. தீபாவளிக்குக் குத்துவிளக்கு தேய்ப்பதுபோல, எலுமிச்சை அளவு பழைய புளியைக் கொஞ்சம் உப்போடு பிசைந்து தேயுங்கள். கறுத்த செம்பு விரலுக்கடியில் ரோஜா நிறத்துக்கு மாறுவதைப் பார்ப்பது இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த ஐந்து நிமிடம். புளியின் அமிலம் மிச்சம் இருந்தால் பச்சை பூக்கும், அதனால் நன்றாகக் கழுவி, உள்ளேயும் துணியை விட்டு இழுத்து, மின்விசிறிக்கடியில் முழுக்க உலரவிடுங்கள். இதற்குப்பின் வெறுங்கையால் தொடவேண்டாம். சிங்கப்பூர் ஈரக்காற்றில் விரல் ரேகை ஓரிரு நாளில் பழுப்பாகப் பதிந்துவிடும்.

பளபளப்பு நிலைக்கவேண்டும் என்றால் தெளிந்த லாக்கர் பூச்சு அடிக்கலாம், ஆனால் முழங்கைக்குள் போகும் முனைகளிலும் எர்த் போல்ட் வரும் இடத்திலும் லாக்கர் படவே கூடாது, அதுவும் மின்சாரத்தை மறிக்கும். நான் மெழுகு மட்டும் தடவுகிறேன், சில மாதத்தில் செம்பு தேன் நிறத்துக்கு வந்துவிடுகிறது, அது எனக்குப் புதுசைவிட நன்றாகப் படுகிறது.

எர்த் போல்ட்டும் வயர் கோர்ப்பதும்

தண்டின் கீழ் முனையிலிருந்து 6 மில்லி மேலே, ஒரு பக்கச் சுவரில் மட்டும், 4 மில்லி துளை. அதன் பிசிறையும் உள்ளே தேய்த்துவிடுங்கள். போல்ட்டை மாட்டுவது தண்டைப் பலகையில் இறக்கிய பிறகுதான், முறையை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தலை மழமழப்பாக உருண்டிருக்கும் எம்4 (4 மில்லி) போல்ட்டை உள்ளிருந்து வெளியே தள்ளி, வெளிப்பக்கம் பல்வாஷர், அதன்மேல் பிறகு வரப்போகும் எர்த் வயரின் வளைய முனை, அப்புறம் நட்டு. தலை உள்ளே வருவதால் வயரைக் கீறாது, நட்டு வெளியே இருப்பதால் ஸ்பேனர் எட்டும்.

இப்போது இரண்டு கோர் வயரை எடுத்து, பூக்கோர்ப்பதுபோல ஒவ்வொன்றாகக் கோர்த்துக்கொண்டே போகலாம். தண்டு, நட்டு, வளையம், முழங்கை, வளையம், நட்டு, கை, மறுபடி நட்டு, வளையம், முழங்கை, வளையம், நட்டு, தொங்கல், கழுத்துக் கட்டை. ஒட்டிய குழாயாக இருந்தால் நூலில் பஞ்சைக் கட்டி வேக்குவமால் உறிஞ்சி இழுக்கவேண்டியிருக்கும், இதில் அந்தப் பாடு இல்லை. நட்டின் வாய் முழங்கையைப் பார்த்தபடி இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள், திருப்பிக் கோர்த்துவிட்டால் எல்லாவற்றையும் கழற்றவேண்டும்.

மேசையில் படுக்கவைத்து மூன்று குழாயும் ஒரே தளத்தில் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒரு ஸ்பேனரால் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் நட்டை இறுக்குங்கள். கையால் இறுகிய பிறகு ஒரு சுற்று. உள்ளே தண்ணீர் ஓடப்போவதில்லை, வெள்ளை டேப் எதுவும் சுற்றவேண்டாம், குழாய் கையால் திருப்பினால் அசையாமல் இருந்தால் சரி. ஸ்பேனர் வாயில் துணியைச் சுற்றிக்கொண்டால் பித்தளையில் தழும்பு விழாது.

தண்டைப் பலகைத் துளையில் எபாக்சியோடு இறக்குங்கள், குழிக்குள் 12 மில்லி நீட்டிக்கொண்டிருக்கும், எர்த் போல்ட் அங்கேதான் நிற்கும், அதனால் போல்ட்டை மாட்டுவது தண்டை இறக்கிய பிறகு. கழுத்துக் கட்டையைத் தொங்கலில் ஒட்டுங்கள். ஒரு இரவு விடுங்கள்.

இணைப்பு

ஹோல்டரில் பழுப்பு நடு முனைக்கு, நீலம் சுற்றுத் திருகுக்கு. மாற்றிக் கொடுத்தாலும் பல்பு எரியும், ஆனால் பல்பு மாற்றும்போது விரல் படக்கூடிய பாகத்தில் லைவ் இருக்கும். வயரின் வெளியுறை மரைக்குழாயைத் தாண்டி ஹோல்டருக்குள் வரைக்கும் வரட்டும், ஹோல்டர் சுழலாமல் இருக்க அதன் பக்கவாட்டுச் சின்னத் திருகை இறுக்கிவிடுங்கள்.

மூன்று கோர் வயர் பின்துளை வழியாக உள்ளே வரும். துளையில் ரப்பர் வளையம். குழிக்குள் வந்த உடனே வெளியுறையின் மேல் ஒரு கவ்வி போட்டு மரத்தில் திருகுங்கள். யாராவது வயரில் கால் தடுக்கினால் இழுவை முழுக்கக் கவ்வியில் நிற்கவேண்டும், இணைப்புக்குப் போகக்கூடாது. மேலே போகும் இரண்டு கோருக்கும் அப்படியே ஒரு கவ்வி. கனெக்டரில் பழுப்பு பழுப்போடு, நீலம் நீலத்தோடு. பச்சை மஞ்சளுக்கு வளைய முனையை அழுத்தி மாட்டி போல்ட்டில் வைத்து இறுக்குங்கள், பிறகு பிடித்து இழுத்துப் பாருங்கள், நன்றாகவே இழுத்துப் பாருங்கள்.

பிளக்கில், மூடியைக் கழற்றி உள்பக்கம் நம்மைப் பார்த்தபடி வைத்தால், மேலே நீளமான பின் எர்த், வலப்பக்கம் ஃபியூஸ் இருக்கிற பின் லைவ், இடப்பக்கம் நியூட்ரல். எர்த் வயரை மற்ற இரண்டையும்விட ஒரு செ.மீ. நீளமாக விடுங்கள். இழுபட்டுப் பிடுங்கிக்கொள்வதானால் அது கடைசியாகப் பிடுங்கட்டும். வயருக்கு நடுவில் சுவிட்ச் வைக்க ஆசைப்பட்டால் எர்த்துக்கும் முனை இருக்கிற மூன்று வயர் சுவிட்ச்தான் வாங்கவேண்டும். நான் வைப்பதில்லை, சுவரிலேயே சுவிட்ச் இருக்கிறது.

செருகுவதற்கு முன்

மீட்டரை ஒலிக்கும் நிலையில் வையுங்கள். பல்பு மாட்டியிருக்கக்கூடாது, பிளக் கையில்தான் இருக்கவேண்டும். ஒரு முனையைப் பிளக்கின் நீளமான பின்னில் வைத்து, மறுமுனையால் தண்டு, முதல் முழங்கை, கை, இரண்டாவது முழங்கை, தொங்கல் என்று ஐந்தையும் தொடுங்கள். ஐந்திலும் ஒலிக்கவேண்டும், அளவு ஒரு ஓமுக்கும் கீழே, பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டும். ஏதாவது ஒன்று ஒலிக்கவில்லை என்றால் அந்த இடத்து நட்டைக் கழற்றி, முனையை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி மாட்டுங்கள். நாலு ஒலித்ததே போதும் என்று விடாதீர்கள்.

அடுத்து லைவ் பின்னிலிருந்து குழாய்க்கு, நியூட்ரல் பின்னிலிருந்து குழாய்க்கு, லைவிலிருந்து நியூட்ரலுக்கு. மூன்றிலும் ஒலிக்கக்கூடாது. கடைசியாக லைவ் பின்னிலிருந்து ஹோல்டரின் நடு முனைக்கு, நியூட்ரலிலிருந்து சுற்றுத் திருகுக்கு, இரண்டும் ஒலிக்கவேண்டும். பிறகு விளக்கைத் தூக்கி லேசாக ஆட்டி, வயரை அசைத்து, எல்லாவற்றையும் இன்னொரு முறை. மொத்தமே ஐந்து நிமிட வேலை. ஒரு பதில் மாறினாலும் பிளக் சுவருக்குப் போகக்கூடாது, மீட்டர் பழக்கமில்லை என்றால் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

எல்லாம் சரியென்றால் குழிக்கு 3 மில்லி பிளைவுட் மூடி போட்டுத் திருகி, நாலு மூலையிலும் ரப்பர் கால் ஒட்டுங்கள்.

பல்பு எல்இடி மட்டும்தான். கழுத்து மரம், ஹோல்டர் பிளாஸ்டிக், பழைய குண்டு பல்பின் சூடு மேலேறி நேராக அங்கேதான் போகும். பெட்டியில் 2700 கெல்வின் என்று போட்டிருந்தால் செம்புக்கு ஏற்ற மஞ்சள் வெளிச்சம். 470 லுமன் படுக்கையறைக்கு, 806 லுமன் படிக்கிற மேசைக்கு. முதல் நாள் ஒரு மணி நேரம் எரியவிட்டுக் கூடவே இருங்கள், கழுத்துக் கட்டையைத் தொட்டுப்பாருங்கள், இளஞ்சூட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. ஒரு மாதம் கழித்து நாலு நட்டையும் ஒருமுறை ஸ்பேனரால் சரிபார்த்து, அந்த ஐந்து இடத்தையும் மறுபடி மீட்டரால் தொடுங்கள்.

விற்பதாக இருந்தால் இது வேறு விஷயம், இங்கே மேசை விளக்கைப் பாதுகாப்புக் குறிக்குப் பதிந்த பிறகுதான் விற்கமுடியும். வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் செய்வதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன். யாருக்குக் கொடுத்தாலும் அடிப்பலகை மூடியில் மூன்று வரி எழுதிக் கொடுக்கிறேன்: எல்இடி மட்டும், 8 வாட் வரை. 3 ஆம்பியர் ஃபியூஸ். கடைசியாக எர்த் பார்த்த தேதி. அதற்குக் கீழே அடுத்தடுத்த தேதிகள் எழுத இடம் விட்டுவைக்கிறேன்.